சன்ரூஃபில் வந்த தாய்மாமன்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் காரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் என்னைப் போலப் பக்கத்து இருக்கையிலேயே ஆயுளைக் கழிப்பவர்கள்தான்.

நான் ஒரு மிஷன் பள்ளியில் வரலாற்று வாத்தியார். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் யூடியூப் புண்ணியத்தில், எந்த எஸ்யூவி எவ்வளவு ஆழத் தண்ணீரில் நீந்தும், எது பாலைவன மணலில் ஏறும் என்பதெல்லாம் அத்துப்படி. (எங்கள் விளாங்குடியில் பாலைவனம் இல்லை. அதனால் என்ன?) இன்ஜினின் 'டார்க்' (torque) என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. அது நிறைய இருக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

இந்த ஞானமெல்லாம் என் மனைவி மெர்சிக்காகச் சேர்த்தது. கல்யாணத்துக்கு முன் அவள் தன் அப்பாவின் பழைய காரை மதுரை முழுக்க ஓட்டியவள். கல்யாணமாகி நாங்கள் குடியேறிய வில்லாபுரம் சந்தில் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும். பிறகு பிள்ளைகள், வேலை, மாற்றல் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அவளுக்கு வாடிப்பட்டிப் பக்கம் தலைமையாசிரியை பதவி. போக வர இரண்டிரண்டு பஸ். ஒருநாள் சாயங்காலம் பையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, ஒரு சின்னக் காரா எடுத்து நானே ஓட்டிட்டுப் போறேன். ஆனா பயமா இருக்கு. கை காலெல்லாம் மறந்திருக்கும். ஒருநாள் ஓட்டிப் பாக்குறேன். சரிவரலன்னா, பஸ்ஸே போதும். அப்புறம் கார்ப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அவள் 'சின்னக் கார்' என்று சொன்னது என் காதில் விழவே இல்லை. என் கண்முன் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை வயல்களுக்கு நடுவே பட்டத்து யானை மாதிரி ஒரு பெரிய எஸ்யூவி மிதந்து வருகிறது. தூரத்தில் சிறுமலை நீலமாகக் கரைந்து நிற்கிறது. மெர்சி ஓட்டுகிறாள். திறந்த கூரை வழியாக மேகங்கள் எட்டிப் பார்க்கின்றன. என் பகல் கனவுகளில் எப்போதுமே மேகம் உண்டு.

அப்படித்தான் ஒரு முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை, ஷோரூமிலேயே பெரிய வண்டியின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மெர்சி அதைச் சுற்றி வந்தாள். சுற்றி வரவே நேரம் பிடித்தது.

"இது வண்டியா, வீடா?"

"மேடம், உக்காந்து பாருங்க. பூ மாதிரி போகும்" என்றார் விற்பனையாளர் பாண்டி.

அந்தப் பூ ஷோரூம் வாசலிலேயே இரண்டு தடவை குலுங்கி நின்றது. மெர்சியின் உதடுகள் லேசாக அசைந்தன. ஜெபம்தான். பக்கத்தில் பாண்டி, பின்னால் நான். பரவையைத் தாண்டும்வரை அவள் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. சமயநல்லூரும் போனது. முதல் நாள் மழை பெய்திருந்தது. இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். தண்ணீருக்குள் வானம் தலைகீழாகக் கிடந்தது. கொக்குகள் அந்த வானத்தில் நடந்துகொண்டிருந்தன. தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் அதே சிறுமலை, அதே நீலம்.

"சன்ரூஃப் தொறந்து காட்டவா சார்?" என்றார் பாண்டி.

கூரை ஓசையில்லாமல் பின்வாங்கியது. ஈரக் காற்று உள்ளே இறங்கியது. அந்த நொடியில் எனக்கு வயது, பதவி, இடுப்பளவு எதுவுமே ஞாபகத்தில் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கை மேல் ஏறினேன். மூச்சை உள்ளே இழுத்தபடி மேலே எழுந்தேன். அம்பாரியில் நிற்கும் ராஜா கூட அப்படியொரு காற்றை வாங்கியிருக்க மாட்டான். ஆனந்தத்தில் மூச்சை வெளியே விட்டேன்.

அங்கேதான் கெட்டது. மூச்சு வெளியே போனதும் வயிறு தன் பழைய இடத்துக்குத் திரும்பி, துவாரத்தை முழுசாக அடைத்துக்கொண்டது. போதாததற்கு பெல்ட் பக்கிள் வேறு விளிம்பில் மாட்டிக்கொண்டது.

"சார், உக்காருங்க சார். டேஞ்சர் சார்!" கீழேயிருந்து பாண்டியின் குரல்.

"உக்கார முடியல பாண்டி."

வண்டியின் வேகம் குறைந்தது. பிறகு மெர்சி மிக மெதுவாகக் கேட்டாள்: "முடியலைன்னா?"

"மாட்டிக்கிட்டேன்."

பெரிய சாலையில் நிறுத்தினால் ஆபத்து என்று பாண்டி ஓர் ஊருக்குள் திரும்பச் சொன்னார். திரும்பினோம். எதிரே டிரம்செட் முழங்க ஒரு கூட்டம். காதுகுத்து வீடு. ஒரு வாழைத்தோட்டமே பெயர்ந்து வந்தது போல வாசலில் தோரணம். தாய்மாமன் சீர் கொண்டு வரும் நேரம் தாண்டி, வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கிறார்கள். அப்போது பளபளவென்று ஒரு புது வண்டி, கூரையைப் பிளந்துகொண்டு ஒரு மனிதன். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

"மாமன் வந்தாச்சு! அடிங்கடா மேளத்த!"

"நான் மாமன் இல்லங்க…" என்றேன். டிரம்செட் அதை விழுங்கியது. யாரோ பானெட் வழியாக ஏறி என் கழுத்தில் மாலை போட்டார்கள். தலையில் உருமா கட்டினார்கள். சந்தனம், குங்குமம். (சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து நேராக வந்தவன் நான்.) கடைசியில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையையே தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்கள். அது என் மீசையைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் அதன் மாமன்தான்.

வெடிச்சத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே மெர்சி அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்தினாள். வீட்டு வாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து ஓர் இடிக்குரல்:

"யாருய்யா இவன்? எங்க அக்கா மகளுக்கு எவன்யா மாமன்?"

நிஜ மாமன். சீர் ஏற்றி வந்த மினிலாரி பஞ்சராகி, சட்டையெல்லாம் கிரீஸோடு, சீர் தட்டு சுமந்த ஆட்களுடன் நடந்தே வந்திருந்தார். மேளம் நின்றது. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்த குழந்தையின் அம்மா கையைப் பிசைந்தாள்.

"எனக்குப் போட வேண்டிய மால இன்னொருத்தன் கழுத்துல. இனி எனக்கு என்ன வேல? நான் வாரேன்க்கா" என்று அவர் திரும்பிவிட்டார். கண்கள் கலங்கியிருந்தன. அந்த அக்காவும் அழத் தொடங்கினாள். நான் மேலேயே நின்றேன். ஓடி ஒளியக்கூட வழியில்லாத அவமானம் அது.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மெர்சி இறங்கினாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவரு என் வீட்டுக்காரரு. மேல ஏறி மாட்டிக்கிட்டாரு. வேணும்னு வரல. நீங்க முன்னால ஏறுங்க. தெரு முக்குல இருந்து உங்கள நானே கூட்டிட்டு வாரேன். சீர் தட்டெல்லாம் வண்டிக்குள்ள வைங்க. மொதல்ல இருந்து மேளம் அடிக்கட்டும்."

மாமன் என்னை அண்ணாந்து பார்த்தார். வாய் ஓரம் துடித்தது. "நெசமாவே மாட்டிக்கிட்டாரா?" என்றவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் அழுகையோடு சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது.

திரும்ப இடமில்லை. தெரு நெடுக ரிவர்ஸ்தான். பின்பக்கக் கேமராவை யாரோ கட்டிய மாலை மறைத்திருந்தது. இருபுறமும் திண்டாட்டம்: ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் பந்தல்கால்.

"மேடம், நான் எடுக்கட்டா?" என்றார் பாண்டி.

"வேணாம். நீங்க கண்ணாடிய மட்டும் விரிங்க."

"லெஃப்ட்ல ஒடி மெர்சி…" என்று நான் மேலிருந்து ஆரம்பித்தேன்.

"நீங்க கொழந்தயப் பாத்துக்கங்க!"

வண்டி பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போனது. பந்தல்கால் அசையவில்லை. சாக்கடை ஓரம் ஒரு கல்கூடப் புரளவில்லை. தலைகள், தோரணங்கள், வயல்கள், மலை எல்லாமே என்னைவிட்டு மெல்ல விலகிப் போயின. கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மெர்சி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா காரை ஓட்டிய பழைய பெண்ணின் சிரிப்பு அது என்று நினைக்கிறேன். நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுபடி மேளம், மறுபடி வெடி. இம்முறை முன்னால் பாண்டியின் இடத்தில் நிஜ மாமன், புது மாலையோடு. கூரையில் உபரி மாமன். கடைசியில் சீர் தட்டிலிருந்த தேங்காயெண்ணெயை என் இடுப்பைச் சுற்றி ஊற்றி, உள்ளேயிருந்து இரண்டு பேர் இழுக்க, சட்டைப் பொத்தான்கள் தெறிக்க, தொப்பென்று உலகத்துக்குள் விழுந்தேன். பந்தியில் உட்கார வைத்துக் கறிச்சோறு போட்டார்கள். எண்ணெய் மணக்க மணக்கச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் மெர்சி பாட்டு வைக்கச் சொன்னாள். பஸ் ஹாரனுக்குத் தோள் ஏறவில்லை. ஷோரூமில் இறங்கி, சாவியைப் பாண்டியிடம் கொடுத்துச் சொன்னாள்: "இதுலயே சின்னது ஒண்ணு சொல்லுங்க தம்பி. கூரை முழுசா மூடியிருக்கணும்."

அந்தச் சின்ன எஸ்யூவியில்தான் இப்போது தினமும் வாடிப்பட்டிக்குப் போகிறாள். அன்று காது குத்திக்கொண்ட குழந்தை யாழினி, வீட்டில் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்து, இந்த வருஷம் மெர்சியின் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். எத்தனை முறை சொன்னாலும் 'டீச்சர்' என்று கூப்பிடுவதில்லை, 'அத்தை'தான். காலையில் வண்டி பள்ளிக்குள் நுழைந்ததும் ஓடிவந்து, முதலில் கூரையை ஒரு பார்வை பார்ப்பாளாம். பிறகு, வராந்தாவில் நிற்கும் எல்லா ஆசிரியைகளும் கேட்கும்படி விசாரிப்பாளாம்:

"அத்தை, மாமா இன்னிக்கு முளைக்கலையா?"