கழற்றிய சைலன்சர்

ஆதி மனிதன் தீயையும் சக்கரத்தையும் எதற்காகக் கண்டுபிடித்தான் என்பது வெகுகாலம் யாருக்கும் விளங்கவில்லை. குவைத்தில் கம்பெனி நடத்தும் ஷாஜன் விடுமுறைக்கு வந்து, கொட்டாரம் ஊருக்கு அருகே தன் ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, கப்பலேறி வந்த புதுப் புகைக்குழாயை மாட்டிய அன்றுதான் விளங்கியது. சத்தத்தை அடக்குவது சைலன்சர். அடக்கம் என்பது இல்லாதவர்களின் குணம். ஷாஜனிடம் பணம் இருந்தது.

கார் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்ட சபைத் தெருவில் பன்னிரண்டில் போனது. மீன்பெட்டி கட்டிய மொபெட் ஒன்று அதை முந்திக்கொண்டு போனது. ஆனால் சத்தம் மட்டும் முந்நூறிலேயே போனது. 'முன்னேற்றம்' என்பது வேறென்ன?

சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானதாசனும் முதலில் பெருமைதான் பட்டார். அவர் வீட்டு வாசலில் ஒரு மேடு. அதில் ஏற ஷாஜன் ஒரு மிதி மிதிப்பான், குழாய் இரண்டு தரம் வெடிக்கும். உள்ளே, பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பெமிலாவின் இருபத்திரண்டு நாள் குழந்தை வீறிடும். நாளொன்றுக்கு ஆறு தடவை. பால் குடிக்கும்போதே அந்தச் சின்ன உடம்பு தூக்கிவாரிப் போடுவதைப் பார்த்து ஞானதாசனுக்குப் பெருமை போயிற்று.

"அப்பா, கமிட்டியில சொல்லுவியளா, மாட்டியளா?"

"சொல்லாம பின்ன? நான் ஆரு? செக்ரட்டரியாக்கும்!"

முப்பது வருடம் அரசாங்கக் கோப்பு எழுதிய கை. 'பொருள்: ஒலி. பார்வை: குழந்தை' என்று மனு தயாரானது. 'மேற்படி வாகனத்தில் கழற்றப்பட்ட சைலன்சர் தற்போது எங்குள்ளது எனக் கண்டறிந்து, உரிய இடத்தில் பொருத்த ஆவன செய்யுமாறு' என்ற வரியை மூன்று முறை வாசித்து, தானே மெய்மறந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினோரு பேர் கொண்ட கமிட்டி கூடியது. ஞானதாசன் எழுந்து, "பொருள்: ஒலி" என்றார். வாசலில் இரண்டு வெடி. ஷாஜன் உள்ளே வந்தான்.

"நீங்க பேசுங்க மாமா. நான் ஒரு காரியம் சொல்லிட்டுப் போயிருதேன். இந்த வருஷ அசன விருந்துக்கு ஆடு முச்சூடும் என் வக. இருவத்தஞ்சு ஆடு. கமிட்டிக்குத் தனிப் பந்தி."

அறையில் பரிசுத்தமான அமைதி நிலவியது. பொருளாளர் ஆபேல் எச்சில் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

"நெஞ்செலும்பு உண்டாடே?"

"உண்டு மாமா."

"செக்ரட்டரி என்னமோ சத்தத்தப் பத்திச் சொல்ல வந்தாரே?" என்று போதகர் நினைவூட்டினார்.

நெஞ்செலும்பு ஞானதாசனுக்கும் பிடிக்கும். மனுவை நாலாக மடித்தார்.

"ஒண்ணுமில்ல ஐயா. கோயில் மணி தெருக்கோடிக்குக் கேக்கல்லன்னு ஒரு குறை உண்டு. நம்ம ஷாஜன் விடியக்காலம் வண்டிய ஒரு சுத்து விட்டா, ஆராதனைக்கு நேரமாச்சுன்னு ஜனங்களுக்குத் தெரியும்லா?"

அவர் வாய் சொன்னதை அவர் காதே நம்பவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்கு வண்டி சபைத் தெருவை மூன்று முறை சுற்றும். ஆடுகளுக்கான நன்றியுரையையும் சேர்த்து ஞானதாசனே முத்து முத்தாக எழுதினார்.

வீட்டில் பெமிலா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"சொன்னியளா?"

"எல்லாம் எழுத்து மூலமா முடிவாயிருக்கு மக்ளே."

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து மனுவையும் தீர்மான நகலையும் உருவி, இரண்டையும் வாசித்தாள். வாசலில் இரண்டு வெடி. குழந்தை வீறிட்டது.

"கழத்துன சைலன்சர் எங்கன்னு கேட்டு எழுதியிருக்கியளே, தேட வேண்டாம்பா," என்றாள். "உரிய இடத்துலதான் மாட்டியிருக்கான். ஒங்க பதினோரு பேரு வாயிலயும்."