பதினோரு கோப்பைத் தண்ணீர்

அன்பு மச்சான் மெராபுக்கு, உன் அக்காள் புருஷன் குரம் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்காள், நான், இரண்டு பன்றிகள் எல்லோரும் சுகம். உன் திராட்சைத் தோட்டத்தைப் புனித ஜார்ஜ் காப்பாராக. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வருடம் எனக்கு ஒயின் அனுப்பாதே. நான் திருந்திவிட்டேன்.

சிரிக்காதே. பெயருக்குத்தான் நான் நகரசபை எழுத்தர், முப்பத்தோரு வருடமாகச் செய்ததெல்லாம் விருந்துகளில் எழுந்து கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொன்னதுதான் என்பது உனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த லாமாரா போன வருடம் மேயராக வந்தாள். வந்த வாரமே விருந்துச் செலவை அடியோடு வெட்டினாள், பாட்டுப் பாடும் நீரூற்றுக்குக் கடன் கேட்டுப் பழைய மேயர் எழுதிவைத்த மனுவைக் கிழித்தாள், மிச்சம் பிடித்ததையெல்லாம் தண்ணீர்க் குழாயாக மண்ணுக்குள் புதைத்தாள். "புதைச்ச காசை எவன் பார்த்துக் கைதட்டுவான்?" என்று நேரிலேயே கேட்டேன். "குளிக்கிறவன் தட்டுவான், குரம் அண்ணே" என்றாள். ஊரே அவளைக் கஞ்சப் பிசினாறி என்றது, அதில் என் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆஸ்திரியாக்காரர் வந்தார். ஹேசல் கொட்டை வறுக்கும் ஆலை கட்ட ஐந்து ஊர்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறாராம், நூற்றிருபது பேருக்கு வேலையாம். ஆறு வருடமாகப் போலந்தில் செங்கல் சுமக்கும் என் மகன், உன் மருமகன் தெமுரி போனில் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "ஊர்ல ஒரு வேலை இருந்தா நாளைக்கே வந்துடுவேன்பா." ஆக என் பிள்ளையின் வாழ்வு அந்த மனிதர் கையில். லாமாராவோ மேசையில் வைத்தது ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு பெரிய ஜாடித் தண்ணீர்! "மேயரம்மா, விருந்தாளியைக் கடவுள் அனுப்புறார். மத்த ஊர்ல கிடா வெட்டியிருப்பாங்க!" என்று காதில் கெஞ்சினேன். "வெட்டட்டும். இல்லாததைக் காட்டினா இருக்கிறதையும் நம்பமாட்டார்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பழக்க தோஷம், கை தானாகக் கோப்பையைத் தூக்கிவிட்டது. தண்ணீரை வைத்து வாழ்த்துச் சொன்னவன் நம் வம்சத்தில் உண்டா? நான் சொன்னேன். சமாதானத்துக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று, தாய்மாருக்கு ஒன்று என்று பதினோரு வாழ்த்து. ஒவ்வொன்றுக்கும் கோப்பையைக் காலி செய்தே ஆகவேண்டும் என்று மற்ற நாலு ஊரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. பாவி மனுஷன் பதினொன்றையும் குடித்தார். பிறகு மூன்று தடவை கழிப்பறைக்குப் போனார். மூன்றாம் தடவை போனவர் திரும்பவே இல்லை. "போச்சு, ஆளு விழுந்துட்டாரு!" என்று ஓடினோம். மனிதர் கோட்டெல்லாம் நனைய ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க வந்த பெண் சொன்னாள்: "நாலு ஊர்லயும் விருந்து மண்டபத்துல தங்கக் கலர் திரையாம், கழிப்பறையில வாளியாம். கொட்டை கழுவத் தண்ணி வேணும், ஆலை இங்கதான்னு சொல்றார்."

மச்சான், மந்திரிகள், பிஷப்புகள் முன்னால் வாய் மூடாதவன் நான். அன்று லாமாராவுக்கு ஒரு வாழ்த்துச் சொல்ல எழுந்தேன், கண்ணீர்தான் வந்தது. அவளோ அந்த மனிதர் திறந்துவிட்ட குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

ஆகவே இனிச் சிக்கனமே என் மதம். ஒயினை விற்றுக் கூரையை மாற்று. உன் வீட்டில் தண்ணீரும் பிள்ளைகளும் வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
திருந்திய குரம்

பி.கு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. இப்போதுதான் தெமுரி பேசினான், வேலையை விட்டுவிட்டானாம், சனிக்கிழமை வருகிறான்! அவனுக்கு வைக்கும் விருந்து நகரசபைச் செலவில்லை, என் செலவு. அறுபது லிட்டர் ஒயின் அனுப்பு. மேயரம்மாவிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "ஆறு வருஷத்துக்கு அறுபது போதுமா அண்ணே?" என்றாள்.