ஒரே பாணியில் சாவும் கல்யாணமும்

லோவெச், பல்கேரியா
மே 12

அன்புள்ள தங்கை நெவெனாவுக்கு,

அண்ணன் தோமா எழுதுவது. நான் நலம். உன் நலம் விசாரிக்கத் தேவையில்லை. எதிர்க் கட்டடத்தில் உன் பால்கனியில் துணி காய்வது இங்கிருந்தே தெரிகிறது. நான் கூப்பிடும்போது நீ போனைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பதும் தெரிகிறது. அதனால்தான் கடிதம்.

உன் கணவர் அஸ்பாருக்கின் நாற்பதாம் நாள் நினைவு அறிவிப்பில் நடந்தது இதுதான். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தெருக்காரர்களின் அறிவிப்புகளைப் பிடிஎஃப் ஆக்க ஒரு கணினி நிரல் எழுதினேன் அல்லவா, அதில் சாவுக்கு ஒரு பாணி வைத்திருந்தேன், கருப்புக் கட்டம், தடித்த எழுத்து, மேலே சிலுவை. பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, சாவுப் பாணியை நகலெடுத்து அதில் ரோஜாப்பூ, வளைந்த எழுத்து, இரண்டு மோதிரம் எல்லாம் சேர்த்தேன். நகல் என்றுதான் நினைத்தேன். உண்மையில் ஒரே பாணிக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குச் செய்ததெல்லாம் சாவுக்கும் ஆகிவிட்டது. நிரல் தானாக அச்சடித்த அறுபது தாளையும், வழக்கமாகப் பசை தடவி ஒட்டும் ஆள் பெஞ்சோ, கண்ணாடி போடாமல், மரம், கதவு, பஸ் நிறுத்தம் என்று ஒன்று விடாமல் ஒட்டிவிட்டு வந்து, "பிரமாதமா வந்திருக்கு வாத்தியாரே, கலரெல்லாம் போட்டிருக்கீங்க" என்றான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று சந்தையில் மிளகாய்க்காரி உன்னைப் பார்த்து, "என்னம்மா நெவெனா, நாப்பது நாள்லயே ரோஜாப்பூவா? மாப்பிள்ள யாரு?" என்று கேட்டாளாம். நீ கூடையைப் போட்டுவிட்டு வந்துவிட்டாயாம். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது எல்லாம் சரி. சாவு தனி, கல்யாணம் தனி. பத்து முறை சோதித்துவிட்டேன். இனி ஒரு எழுத்துகூடப் பிசகாது. இந்தக் கடிதமே அந்த நிரலில் வருவதுதான். அடுத்த மாதம் அஸ்பாருக்கின் ஆறாம் மாத நினைவு நாளுக்கு அறிவிப்பை நானே செய்கிறேன், என்னையும் கூப்பிடு. அன்றைக்குப் படைக்க நீ அவிக்கும் கோதுமையில் ஒரு கரண்டி எனக்கும் வை.

உன் முழங்கால் வலி குறையட்டும், பால்கனித் தக்காளி நன்றாகக் காய்க்கட்டும்.

உன் அண்ணன்,
தோமா

பின்குறிப்பு: இதை மட்டும் கையால் எழுதுகிறேன். கடிதத்துக்கென்று பாணி வைக்க மறந்துவிட்டேன். பாணி சொல்லாவிட்டால் நிரல் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். முதலில் இருப்பது சாவு. சிலுவைக்குக் கீழே உன் பெயர்தான் பெரிதாக வந்திருக்கிறது. மேசையில் இருந்ததைப் பெஞ்சோ எடுத்துப்போய் பஸ் நிறுத்தத்தில் ஒட்டிவிட்டான். "பேர் மட்டும்தான் தெரிஞ்சுது வாத்தியாரே, அழுதுகிட்டேதான் ஒட்டினேன்" என்கிறான். நான் போய் உரித்து எடுத்து வந்தேன், தாளின் பின்பக்கம் பிசுபிசுப்பது அதனால்தான். உன் வாசலில் யாராவது செத்தவர்களுக்கு வைப்பதுபோல் இரட்டைப்படையில் பூ வைத்திருந்தால் பயப்படாதே, சந்தைப் பக்கம் ஒரு நடை போய் முகத்தைக் காட்டிவிட்டு வா. மிளகாய்க்காரி தேம்பித் தேம்பி அழுகிறாள்.

நானே எழுதிய கடிதம்தான். ஆனாலும் அந்தக் கருப்புக் கட்டத்துக்குள் உன் பெயரைப் பார்த்ததும் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச வேண்டாம், திட்டினால் போதும். போனை எடு, நெவெனா.