கோதுமை ஆகாத மேஸ்திரி

“இந்த வாரமும் கோதுமைதானா?” என்று சகாதேவன் கத்திய கத்தலில் ரேஷன் கடை வரிசையே திரும்பிப் பார்த்தது.

“அரிசி வரலீங்க மேஸ்திரி. வந்தா நான் இன்னா எங்க வூட்டுக்கா தூக்கினு போறேன்?” என்றான் கடைக்காரன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுபத்து நான்காம் வருஷம் அது. அரிசி எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் சொன்ன விலையைக் கேட்டால் பசியே அடங்கிவிடும். மரக்காணம் முழுக்கக் காலையில் கோதுமை உப்புமா, ராத்திரி கோதுமைக் கஞ்சி. ஊரே முணுமுணுத்துக்கொண்டு தின்றது. சகாதேவனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“உங்க குடலுக்குக் கோதுமை ஒத்துக்கலை. கோதுமை, ரவை, மைதா, சேமியா, பன்னு, பிஸ்கட்டு எதுவும் கூடாது. ஒரு சிட்டிகை உள்ள போனாலும் வயித்தால போகும். கவலைப்படாதீங்க, அரிசிச் சோறு தாராளமா சாப்பிடுங்க.”

தாராளமாகவாம்! அந்த மனுஷனைப் பிடித்து இழுத்து வந்து இந்த வரிசையில் நிறுத்த வேண்டும் என்று சகாதேவனுக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் உப்பளத்து மேஸ்திரி. உப்பளத்தில் மற்ற எந்த வியாதியோடும் வேலை பார்த்துவிடலாம், வயிற்றுப்போக்கோடு முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்தி, தண்ணீர், வெயில். ஒரு செடி கிடையாது, ஒரு புதர் கிடையாது. மறைவு என்று பார்த்தால் உப்புக் குவியல்தான். அது ஊர் உலகமெல்லாம் தின்கிற உப்பு. ஆகவே வயிறு கலக்கினால் தூரத்துச் சவுக்குத் தோப்புக்குத்தான் ஓட வேண்டும். அவர் வரப்பில் ஓட ஆரம்பித்ததும் உப்பு வாருகிற பெண்கள் எல்லோரும் பலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அதுகூடப் போகட்டும். மகள் தையல்நாயகிக்கு இப்போதுதான் ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. இடையஞ்சாவடி காசிலிங்கத்தின் ஒரே பையன் கலியன். சொந்தமாகப் பெருங்காய வியாபாரம். அதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும், பெண்ணின் அத்தைக்குக் காசநோய் இருந்ததை யாரோ போய்க் காதில் ஓதியதால் தட்டிப்போனது. இப்போது அப்பனுக்குக் குடல் வியாதி என்று தெரிந்தால் அவ்வளவுதான்.

“வாயைத் தொறந்துடாதீங்க. பரம்பரை வியாதின்னு முடிவு கட்டிடுவாங்க. நிச்சயம் முடியட்டும்” என்றாள் மனைவி அமராவதி.

“நான் வாயைத் தொறக்கலைடி. தொறக்கறது வேற!”

“சீ, பேச்சைப் பாரு!”

பெண் பார்க்க வந்தபோது காசிலிங்கம் ஒரு பெரிய டப்பா நிறையக் கட்டிப் பெருங்காயம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூடியைத் திறக்காமலேயே தெரு முனைவரை மணத்தது. “நம்ம சொந்தச் சரக்கு. கலப்படம்ன்ற பேச்சே கெடையாது. வயித்துக் கோளாறுன்னு இதை வாங்கினு போனவன் எவனும் திரும்பி வந்ததில்லே” என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பையன் கலியன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். காதோரம் வெள்ளையாக ஒரு திட்டு. பவுடரைக் கூடச் சரியாகத் தேய்க்கத் தெரியாத அப்பாவி என்று அமராவதிக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டு ரசத்துக்கு அந்தப் பெருங்காயம்தான்.

ரேஷன் கோதுமையை எடுத்துக்கொண்டு சகாதேவன் பக்கத்து வீட்டுச் சவரியம்மாளிடம் போனார். “உங்ககிட்ட கேழ்வரகு இருக்குதே, அதைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கறீங்களா?”

“ஏம்பா, கோதுமை வேணாமா உங்களுக்கு?”

“எங்க வூட்ல கூழுன்னா உசிருங்க.”

கேழ்வரகை மெஷினில் அரைத்துக் கூழ் காய்ச்சினாள் அமராவதி. அதைக் குடித்த மறுநாள் சகாதேவன் சவுக்குத் தோப்பிலேயே பாதிப் பொழுதைக் கழித்தார்.

“கேழ்வரகுமா ஆகலை?” என்று அமராவதி கன்னத்தில் கை வைத்தாள்.

சகாதேவன் நேராக மாவு மெஷினுக்குப் போய் நின்று பார்த்தார். முன்னால் ஒரு அம்மாள் கோதுமை அரைத்துக்கொண்டு போனாள். அதே வாயில் அடுத்தவள் கேழ்வரகைக் கொட்டினாள். கீழே வெள்ளையும் கறுப்புமாக மாவு விழுந்தது.

“டேய் செல்லப்பா, கழுவ மாட்டியாடா மெஷினை?”

“இது என்னா சாப்பிட்ட தட்டா மேஸ்திரி, கழுவறதுக்கு?” என்றான் மெஷின்காரன் செல்லப்பன்.

அன்றிலிருந்து வீட்டிலேயே திருகைக்கல்லில் அரைப்பது என்று முடிவாயிற்று. முடிவெடுத்தவர் சகாதேவன், அரைத்தவள் அமராவதி. தோள்பட்டை கழன்றுவிட்டது என்று புலம்பிக்கொண்டே அரைத்தாள். சவரியம்மாள் வேறு எட்டிப் பார்த்து, “மெஷினுக்குக் குடுக்கக்கூட மனசு வரலையா உங்க வூட்டுக்காரருக்கு?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தாள்.

“மானம் போவுது! வயிறாவது அடங்கிச்சா?” என்று உள்ளே வந்து சீறினாள் அமராவதி.

அடங்கவில்லை.

“சம்பந்தி குடுத்த பெருங்காயம் இருக்குதே! வாயுவுக்கும் வயித்துக்கும் அதுக்கு மேல மருந்து ஏது?” என்று மோரில் ஒரு சின்னத் துண்டைக் கரைத்துக் கொடுத்தாள். மறுநாள் வயிறு இன்னும் கலங்கியது. துண்டு போதவில்லை போலிருக்கிறது என்று புளியங்கொட்டை அளவு கரைத்தாள். அதற்கும் கேட்கவில்லை. கூழிலும் போட்டாள், ரசத்தில் இரண்டு மடங்காகப் போட்டாள். கடைசியில் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டிக் கொடுத்து, “அப்படியே முழுங்குங்க” என்றாள்.

சகாதேவன் இளைத்துத் துரும்பானார். அவர் வரப்பில் நடந்து வந்தாலே பெருங்காய வாசனை முன்னால் வந்தது.

“மேஸ்திரி வர்றாரு, ரசம் கொதிக்குது” என்று உப்பு வாருகிற முத்தம்மாள் குரல் கொடுக்க, பாத்தி முழுக்கச் சிரித்தது. அதட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அதட்டாமலே தோப்பைப் பார்த்து ஓடினார்.

“பேசாம கோதுமையையே தின்னுட்டுச் சாவறேன். எத்தை விட்டும் பிரயோஜனமில்லே!” என்று அன்று சாயந்திரம் துண்டை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

“நிச்சயம் முடியறவரைக்கும் உசிரோட இருங்க. அப்புறம் உங்க இஷ்டம்” என்றாள் அமராவதி.

நிச்சயத்தன்று காசிலிங்கம் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கூடம் நிறைந்துவிட்டது. ரேஷன் கோதுமையை உடைத்து ரவையாக்கி அமராவதி கேசரி கிளறியிருந்தாள். இருப்பதில் செய்தாலும் நெய் மணம் தூக்கியது.

“நீங்களும் ஒரு வாய் எடுத்துக்குங்க சம்பந்தி” என்றார் காசிலிங்கம்.

“இல்லீங்க, வேணாங்க.”

“நல்ல நாளும் அதுவுமா இனிப்பை வேணாம்ன்றீங்க?” காசிலிங்கத்தின் கண் சுருங்கியது. “சக்கரை கிக்கரைன்னு வியாதி ஏதாவது…”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. இன்னிக்கு விரதம்” என்று அமராவதி குறுக்கே விழுந்தாள். அப்படியே கணவனை உள்ளே இழுத்துப் போய், ஒரு பெரிய சொம்பை அவர் கையில் திணித்தாள். டப்பாவில் மிச்சமிருந்த பெருங்காயம் அத்தனையும் அந்த மோரில்தான் இருந்தது.

“ஒரே மடக்கா குடிங்க. தட்டு மாத்தற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. நடுவுல எழுந்தா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம். எம் பொண்ணு வாழ்க்கை உங்க வயித்துலதான் இருக்குது.”

தையல்நாயகி கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே சகாதேவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுச் சொம்பையும் குடித்தார்.

பாயில் எதிரும் புதிருமாகச் சம்பந்திகள் உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒருவர் குலம், கோத்திரம், பாட்டன், பூட்டன் என்று நிதானமாக ஆரம்பித்தார். பூட்டன் வருவதற்குள் சகாதேவனுக்கு வேர்த்துவிட்டது. முருகா, இந்த ஆள் சீக்கிரம் முடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். பெரியவர் முடிக்கவில்லை. வெற்றிலை எத்தனை கவுளி என்பதில் இருந்து மறுபடி ஆரம்பித்தார்.

“மாப்ள வூட்டுத் தட்டை வாங்கிக்குங்க” என்றார் ஒரு வழியாக.

காசிலிங்கம் இரண்டு கையாலும் தட்டை நீட்டினார். சகாதேவனும் கையை நீட்டினார். விரல் தட்டில் படப் போகிற நேரம் வயிற்றுக்குள் ஒரு உறுமல். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. சகாதேவன் துள்ளி எழுந்தார், வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் பாய்ந்தார். தட்டு காசிலிங்கத்தின் கையிலேயே அந்தரத்தில் நின்றது. தேங்காய் மட்டும் உருண்டு போய்ச் சவரியம்மாள் காலடியில் நின்றது.

அவர் திரும்பி வந்தபோது காசிலிங்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“என்னா மரியாதை இது? தட்டை நீட்டறேன், எழுந்து ஓடறாரே! பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா வாயால சொல்றதுதானே?”

தையல்நாயகி அழ ஆரம்பித்துவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? “இஷ்டமில்லாம இல்லீங்க சம்பந்தி, வயிறு!” என்று சகாதேவன் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். “எனக்குக் கோதுமை ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காரு.”

“யார்கிட்ட காது குத்தறீங்க? கேசரியைக் கையால கூடத் தொடலை. கோதுமை தின்னா போகும்ன்றீங்க. தின்னாமலே எப்படிங்க போகும்? வேற ஏதோ பெரிய வியாதியை மறைக்கறீங்க! ஏ கமலாம்பா, கெளம்பு!” என்று காசிலிங்கம் மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“சத்தியமா கோதுமை கண்ணுல காட்டலீங்க!” அமராவதி வாசலை மறித்துக்கொண்டாள். “வெறும் கேழ்வரகுக் கூழு, அதுவும் எங்கையால அரைச்சது. மிச்சத்துக்கெல்லாம் நீங்க குடுத்த பெருங்காயந்தாங்க. கூழுல, ரசத்துல, மோர்ல. டப்பாவையே காலி பண்ணிட்டோம். இப்பகூட ஒரு சொம்பு நெறைய கரைச்சுக் குடுத்தேன்!”

காசிலிங்கம் ஒரு காலில் செருப்போடு நின்றார். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “அது… அது சுத்தச் சரக்காச்சே” என்றார், யாரையும் பார்க்காமல்.

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து வாயே திறக்காத கலியன், காதோரத்து வெள்ளையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக நிமிர்ந்தான்.

“மன்னிச்சிடுங்க மாமா, அதுல முக்கால்வாசி கோதுமை மாவுதான், தெனம் பெசையறதே நான்தாங்க.”