ஆப்பமும் ஓட்டும்

"இன்னொரு ஆப்பம் வை" என்று சுபஹான் தட்டை நீட்டினார்.

சட்டியில் ஓர் ஆப்பம் வெந்து ஓரம் சிவந்துகொண்டிருந்தது. மனைவி சம்சாத் பேகம் எடுத்து வைக்கவில்லை.

"உங்க ஜெயகிருஷ்ணனாண்ட போய்க் கேளுங்க. ஊருக்கே தண்ணி குடுக்கறவன், உங்களுக்கு ஓர் ஆப்பம் குடுக்க மாட்டானா?"

வார்டு இடைத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்துக் கடலோரத் தெரு அது. போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். குடிப்பதற்கு லாரி வர வேண்டும். பாலாற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருவதாக ஜெயகிருஷ்ணன் சொன்னான். வரைபடத்தை விரித்து வைத்துச் சொன்னான். ஆனால் கட்டிய மனைவியை இதே தெருவில் விட்டுவிட்டு, அடுத்த தெருவில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தினான். அவனை எதிர்த்து நின்ற ஜெபசிங் வாத்தியார் அப்பழுக்கில்லாதவர். பிறர் வீட்டில் டீகூடக் குடிக்க மாட்டார். ஜெயித்தால் பஸ் ஸ்டாண்டு முனையில் அலங்கார வளைவு கட்டுவதாகச் சொன்னார். அவர் சொன்னது அது ஒன்றுதான்.

"நாம இன்னா மாப்பிள்ளையா பாக்கறோம்? கவுன்சிலர் பாக்கறோம்" என்றார் சுபஹான். "அவன் யார்கூட இருந்தா நமக்கு இன்னா? குழாய்ல தண்ணி வருதா, அத்த பாரு."

"கட்னவளுக்கே தண்ணி காட்னவன் அவன்."

"வாத்தியார் வளைவ அண்ணாந்து பாத்தா தாகம் அடங்குமா?"

வாசலில், தினமும் அவரைக் கடைக்குக் கூட்டிப்போகும் மணியின் ஆட்டோ ஹாரன் அடித்தது. சுபஹான் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். சங்கும் சிப்பியும் விற்கும் தன் கடையைத் திறந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஆப்பம் சட்டியிலேயே இருந்தது.

சம்சாத் பேகம் இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். அதற்கு நடுவில்தான் ஓட்டு வந்தது. ஆப்பத்தை இனிக் கொடுக்க முடியாது. ஓட்டையாவது அவர் விருப்பப்படி போட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஒரு வார்த்த கேட்டுட்டு வாடா" என்றாள் மகன் ஃபர்தீனிடம்.

"அவசியம்னா பகல்ல போய்ட்டு உடனே திரும்பிடலாமாம். ஆனா சத்தமில்லாம போகணுமாம்" என்று வந்து சொன்னான். கேள்வியை அவன் பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் நடுவே கேட்டிருந்தான். மறுநாள் காலை ஜெயகிருஷ்ணனின் கார் மைக்கோடு வாசலில் நின்றது.

"துக்கத்திலும் ஜனநாயகக் கடமையாற்ற வரும் அன்புத் தாய் சம்சாத் பேகம் அவர்களே!"

பக்கத்து வீட்டு ஷாஹிதாவுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க வாத்தியாருக்குப் போடப்போறாங்க! நடையக் கட்டுங்கடா!" என்று விரட்டினாள்.

கார் போய்விட்டது. சாயங்காலம், நன்றி சொல்ல ஜெபசிங் வந்துவிட்டார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா, நான் கார் அனுப்ப மாட்டேன். அது விதிமீறல்."

"வேணாங்க. தண்ணிக்கு எதுனா பண்ணுவீங்களா?"

"முதல்ல வளைவு முடியட்டும்மா."

கொடுத்த டீயைத் தொடாமல் போனார். புருஷன் சொன்னது சரிதான் என்று சம்சாத் பேகம் உள்ளே உட்கார்ந்து அழுதாள்.

ஓட்டுப்போடும் நாளன்று மணியின் ஆட்டோவில் இரண்டு பக்கமும் படுதா கட்டி, ஷாஹிதாவோடு போனாள். இறங்கியதும் இரண்டு கட்சிக்காரர்களும் ஓடி வந்தார்கள். "வழி விடு, நம்ம அம்மா!" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்தல். ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று வந்தவளை வார்டே வேடிக்கை பார்த்தது. உள்ளே அவள் விரல் தன்னையறியாமல் வாத்தியார் பெயருக்குப் போனது. 'உங்களுக்காகத்தாங்க' என்று முணுமுணுத்தபடி அதை இழுத்துக்கொண்டு, ஜெயகிருஷ்ணன் பெயருக்கு எதிரே அழுத்தினாள்.

ஜெயகிருஷ்ணன் ஜெயித்தான். சொன்னபடி குழாயும் வந்தது, அவன் இப்போது குடியிருக்கும் தெரு வரைக்கும். அதைத் தாண்டினால் மூத்தவளும் சம்சாத் பேகமும் இருக்கும் தெரு. அந்தப் பக்கம் அவன் தலைகாட்டுவதில்லை; குழாயும் தலைகாட்டவில்லை.

இத்தா முடிந்து, சம்சாத் பேகம் முதன்முதலாக இரண்டு குடங்களோடு தெருமுனைக்கு வந்தாள். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மணி வந்து ஒரு குடத்தை வாங்கிக்கொண்டான்.

"இவனுக்குப் போய் ஓட்டு போட்டேனே மணி! எனக்கு இஷ்டமே இல்ல. அவர் சொன்னாரேன்னு போட்டேன்."

மணி குடத்தைக் கீழே வைத்தான்.

"இன்னாம்மா சொல்ற? அன்னிக்கு வண்டில ஏறுனதுமே பாய் சொன்னாரு, 'ஆப்பம் குடுக்கலடா, ஆனா அவ சொல்றதுதான் நாயம். வாத்தியாருக்கே போட்டுடலாம். வூட்ல மட்டும் சொல்லிடாத, தலைல ஏறி ஆடுவா'ன்னு... சரி, இன்னொரு குடத்தையும் குடும்மா, லாரி வந்துகினு கீது."