வாடல் மரத்துக்கு வந்த மானியம்

அரசாங்கம் காசு தருகிறது என்று காதில் விழுந்தால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. இளவயதில் இது ஒரு வியாதியாகவே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. மட்டாஞ்சேரியை ஒட்டிய சுள்ளிக்கல்லில் எங்கள் வீடு. அப்பா நகரசபை ஊழியர். முற்றத்தில் இரண்டே தென்னை. வாசல் பக்கம் நின்றது அம்மாவின் மரம். சட்னியிலிருந்து தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வரை அதன் தயவுதான். மதிலோரம் நின்றதற்கு வாடல் நோய். நோய் மரத்தை வெட்டினால் மானியமும் புதுக் கன்றும் கிடைக்கும் என்று கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகத்துக்கு மலையாளத்தில் அதுதான் பெயர்) சொன்னார்கள். நான் பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். விடுவேனா?

"வேண்டாம்டி. வெட்ட வர்றவன் என் மரத்துல கை வச்சுட்டா?" என்றாள் அம்மா.

"உன் மரத்த ஒருத்தன் தொட மாட்டான். நான் எதுக்கு இருக்கேன்?"

அதிகாரி வந்தார். வாடல் மரத்தில், மதில் பக்கமாக, சிவப்புப் பெயின்டால் ஒரு வட்டம் போட்டார். அந்த அடையாளம் உள்ள மரத்தை மட்டும் வெட்ட வேண்டும், வெட்டியதைப் பார்த்த பிறகே மானியம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஆயுத பூஜை. எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் அன்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துவிடுவோம். ஆட்டுக்கல், அரிவாள்மணை, அப்பாவின் சைக்கிள் (தூங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கும் ஒன்று). சோறு போடுகிற மரமாயிற்றே என்று அம்மா தன் தென்னைக்கும் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் அப்பினாள்.

மறுநாள் காலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மரம் வெட்டப் பள்ளுருத்தியிலிருந்து வறீது சேட்டன் வந்தார். "சிவப்பு அடையாளம் இருக்கற மரம், சேட்டா!" என்று அடுக்களையிலிருந்தே உத்தரவு போட்டுவிட்டு, நான் சாயா போட ஆரம்பித்தேன்.

சற்று நேரத்தில் மரத்து மேலிருந்து குரல் வந்தது. "மோளே, இதுல நல்ல காய் உண்டல்லோ! வெட்டணுமா?"

"அடையாளம் இருக்கா, இல்லையா?"

"அது உண்டு."

"அப்புறம் என்ன? ஆபீசர் பாத்துப் போட்டது. வெட்டுங்க!"

(அடிப் பாவி! தலையை வெளியே நீட்டிப் பார்த்தால் கழுத்தா சுளுக்கிக்கொள்ளும்?)

சாயாவோடு வெளியே வந்தேன். வாடல் மரம் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. அம்மாவின் மரம் முற்றத்தில் கிடந்தது. என் முகத்தைப் பார்த்த வறீது சேட்டன் சந்தேகப்பட்டு, அடையாளத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். "ஐயோ மோளே, இது பெயின்ட் இல்லல்லோ!"

அம்மா வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ விழுந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "குருத்த எடுத்துக் குடுங்க சேட்டா, வீணாக வேண்டாம்" என்றாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு தந்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. அழுதுகொண்டே தின்றேன்.

அதிகாரி வந்து, நிற்கிற மரத்தையும் கிடக்கிற மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மரத்தை வெட்டுவதற்கு அரசாங்கத்தில் இதுவரை மானியம் கிடையாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் அம்மா அந்த மரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் கடைத் தேங்காயைத் துருவும்போது நான் அடுக்களைப் பக்கம் போக மாட்டேன். வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று.

என் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை என் நெற்றியில் குங்குமம் வைத்ததுதான் தாமதம், அண்ணன் மச்சான் உரிமையில் அவர் தோளைத் தட்டினான். "அளியா, பாத்து! எங்க வீட்ல செவப்புப் பொட்டு வச்சா வெட்டிச் சாச்சுருவோம்."

மண்டபமே சிரித்தது. எனக்கு உயிரே போயிற்று. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், அவளும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க மாப்ளே, நான் எப்பவோ மன்னிச்சாச்சு" என்றாள். "ஆனா இவள மட்டும் சாயா போட அனுப்பாதீங்க."

இன்றுவரை எங்கள் வீட்டில் சாயா போடுவது என் கணவர்தான்.