கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தாடி

இந்தச் சனிக்கிழமை நிர்மலா அந்த வகுப்புக்குப் போகக் கூடாது. உதயகுமார் முடிவெடுத்துவிட்டான். ஆண்மகன் எடுத்த முடிவு. சாமுண்டி மலை நகர்ந்தாலும் இது நகராது.

ஒரே ஒரு குறை. அந்த முடிவை அவன் முழங்காலில் நின்றபடி எடுக்க வேண்டியிருந்தது.

என்ன செய்ய? ஷேவ் செய்துகொண்டிருந்தான். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி போன மாதம் ஐந்தடி உயரத்திலிருந்து இரண்டரை அடிக்கு இறங்கிவிட்டது. நாலு வயது யுவன் தன் தலையைத் தானே வாரிக்கொள்ள வேண்டுமாம். கண்ணாடி மட்டுமா? துண்டு மாட்டும் கொக்கி இறங்கியது. தட்டு அலமாரி இறங்கியது. தண்ணீர்க் குடம் தரைக்கே வந்துவிட்டது. மைசூர் மேட்டகள்ளியில் அந்த இரண்டு அறை வாடகை வீட்டில் எல்லாமே யுவனின் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தாயிற்று. வீட்டுத் தலைவன் ஒருவன்தான் ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். அதுவும் ஷேவ் செய்யாத நேரத்தில் மட்டும்.

கேட்டால் ஒரே பதில். தீபக் சார் சொன்னார்.

தீபக் சார் என்பவர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துபவர். அடி கிடையாது, அதட்டல் கிடையாது, மணி கிடையாது, ராங்க் கிடையாது. சனிக்கிழமைதோறும் பெற்றோருக்கு வகுப்பு. அங்கே பல சட்டங்கள். பிள்ளைக்கு லஞ்சம் தரக் கூடாது. 'சபாஷ்' சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். 'பல் தேய்' என்று கட்டளை போடக் கூடாது. 'சிவப்பு பிரஷ்ஷா, பச்சை பிரஷ்ஷா?' என்று இரண்டைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையின் விருப்பம்தான் பெரிது.

ஜூன் மாதம் நிர்மலா ஒரு காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, யுவனை அங்க சேர்க்கலாம்னு இருக்கேன். கிளாஸுக்கு அப்பாவும் வரணும்ங்கிறாங்க."

"பிள்ளை வளர்க்கக் கிளாஸா? எங்கப்பா எந்தக் கிளாஸுக்குப் போனார்? நான் வளரலியா?"

நிர்மலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் அந்தக் காகிதத்தின் மேலேயே தோசைத் தட்டை வைத்துச் சாப்பிட்டு முடித்தான். அதற்குப் பிறகு அவள் அவனைக் கூப்பிடவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று உதயகுமார் இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தான்.

மூன்றாவது வாரம் ஆரம்பித்தது எரிச்சல்.

"நாலு விசில் வைப்பியே, ஏன் மூணோட நிறுத்திட்ட?"

"மூணு போதும்னு தீபக் சார் சொன்னாருங்க."

"பிள்ளை வளர்க்கச் சொல்லித் தர்ற ஆளுக்குக் குக்கர்ல என்ன வேலை?"

"அவருக்குத் தெரியாததே இல்லீங்க."

"மூணு விசில்ல துவரம்பருப்பு எப்படி வேகும்?"

"அவர் சொன்னா வேகும்."

வெந்தும் இருந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி மைசூர் வந்த புதிதில் நிர்மலா எல்லாவற்றையும் அவனைத்தான் கேட்பாள். எந்த பஸ் ஏற வேண்டும், எந்த மில்லில் மாவு அரைக்க வேண்டும், கன்னடத்தில் கொத்தமல்லிக்கு என்ன பெயர். தெரியாத கேள்விக்கும் உதயகுமார் தயங்காமல் பதில் சொல்வான். அவன் சொன்ன பஸ்ஸில் ஏறி ஒரு தடவை ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியவள், மறுநாளும் அவனைத்தான் கேட்டாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது கேட்பதே இல்லை. சொல்கிறாள். அதுவும் இன்னொருத்தன் சொன்னதை. உதயகுமாருக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அவனோடு வேலை பார்க்கும் சேகரனிடம் சொல்லி ஆறுதல் தேடினான். சேகரன் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"ஆளுக்குத் தாடி இருக்கா?"

"இருக்காம்."

"மெதுவாப் பேசுவானா?"

"குரலை உசத்தவே மாட்டானாம்."

"கதர் ஜிப்பா?"

"ஆமான்னு நினைக்கிறேன்."

"முடிஞ்சுது," என்று சொல்லி சேகரன் டிபன் பாக்ஸை மூடினான்.

அன்று சாயங்காலமே உதயகுமார் திட்டம் போட்டான். பிள்ளையின் விருப்பம்தானே பெரிது? அந்தப் பிள்ளையே 'அம்மா போகக் கூடாது' என்று சொன்னால்? அவர்கள் சட்டம், அவர்கள் தலையில். தன் மூளையை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை யுவனை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு மிட்டாய்க் கடைக்குப் போனான்.

"நாளைக்கு அம்மா கிளம்பும்போது என்ன சொல்லணும்?"

"அம்மா பேடா."

"அம்மா வேண்டாம்னு இல்லடா! அம்மா போக வேண்டாம். எங்க, சொல்லு."

"எத்தனை மைசூர் பாகு?"

"ரெண்டு."

"மூணு."

வீட்டில் லஞ்சம் நிறுத்தி நாலு மாதமாகிறது. பிள்ளை காய்ந்துபோய்க் கிடந்தான். மூன்றில் பேரம் படிந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. நிர்மலா புடவை மாற்றிக்கொண்டு பையைத் தோளில் போட்டாள். உதயகுமார் பேப்பருக்குப் பின்னால் இருந்து கண்ணைக் காட்டினான். யுவன் வாசலில் போய்க் குறுக்கே நின்றான்.

"அம்மா ஹோக பேடா! போகாதே! பேடா!"

கண்ணீர்கூட வந்தது. மூன்று மைசூர் பாகுக்கு இது அதிகம் என்று உதயகுமாருக்கே தோன்றியது.

நிர்மலா பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள். அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு அவன் கன்னத்தைப் பார்த்தாள்.

"அம்மா போக வேண்டாம்னு சொல்ற. கேட்டுக்கிட்டேன். உன் வாயோரத்துல மைசூர் பாகு இருக்கு. அதையும் பார்க்கிறேன்."

பேப்பர் லேசாக ஆடியது.

"பிள்ளை இவ்வளவு அழறானே நிர்மலா," என்றான் உதயகுமார், தேன் தடவிய குரலில். "பிள்ளையோட விருப்பம்தானே முக்கியம்? உங்க தீபக் சாரே அப்படித்தானே சொல்றாரு?"

"ஆமாங்க. அதனால நான் போகல."

பையை இறக்கி வைத்துவிட்டாள். அவ்வளவுதான்! இவ்வளவு சுலபமா? உதயகுமார் எழுந்து ஆடாத குறை.

"ஆனா யாராச்சும் ஒருத்தர் போயாகணும்," என்று சொல்லி நிர்மலா பிள்ளையிடம் திரும்பினாள். "யுவன், நீயே சொல்லுப்பா. அப்பா ஸ்கூட்டர்ல போகட்டுமா, பஸ்ல போகட்டுமா?"

"ஸ்கூட்டர்!" என்றான் யுவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவனுக்கு அழுகைக்குத்தான் மைசூர் பாகு, இதற்கு ஒப்பந்தமில்லை.

"ஏய், நான் எதுக்கு..." என்று ஆரம்பித்தான் உதயகுமார்.

"பிள்ளையோட விருப்பம்ங்க," என்றாள் நிர்மலா.

ஹெல்மெட்டை மாட்டும்போது உதயகுமார் தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். இதுவும் நல்லதுதான். நேருக்கு நேர் பார்த்துவிடலாம். நாலு கேள்வி கேட்டு, அந்தத் தாடிக்காரனை அத்தனை பேர் முன்னாலும் திக்குமுக்காட வைத்துவிட்டு வரலாம்.

அக்ரஹாரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனான். இருபது பெண்கள். இருபது பேரும் பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தீபக். ஆறடி உயரம், கத்தரித்துவிட்ட தாடி, தும்பைப்பூ வெள்ளையில் ஜிப்பா. சேகரன் சொன்னதைவிட நிலைமை மோசம். உதயகுமார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"வாங்க சார். நீங்க?" என்றான் தீபக். பாதி கன்னடம் ஒட்டிய தமிழ், பஞ்சு மாதிரி குரல்.

"யுவன் அப்பா. நிர்மலாவோட புருஷன்." கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான்.

"நிர்மலா..." தீபக் நெற்றியைத் தடவினான். "ஓ, யுவன் அம்மா! கடைசி வரிசையில உட்காருவாங்க. வாயே திறக்க மாட்டாங்களே."

"யாரு? நிர்மலாவா?"

"ஹௌது, ஆமா சார். நோட்டுல எழுதிக்குவாங்க, போயிடுவாங்க. நான் அவங்ககூட ரெண்டு வார்த்தை பேசினதில்ல."

உதயகுமார் ஓர் அடி முன்னால் வந்தான். "அப்போ குக்கர்? மூணு விசில்?"

"என்ன குக்கர்? எனக்கு டீ போடவே வராது சார்."

நாலு மாதம் வயிறெரிந்த ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? உதயகுமார் சின்ன நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். முழங்கால் காதுக்கு வந்தது. எரிய எதுவுமில்லாமல் போனதும் வயிற்றில் ஒரு பெரிய வெற்றிடம் தெரிந்தது. ஆனாலும் அந்த ஜிப்பாவின் வெள்ளையை மட்டும் அவனால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்குப் பாடம், ரவையை ஒரு சின்னக் கூஜாவிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுவது. பிள்ளைகள் செய்வதைப் பெற்றவர்களும் செய்து பார்க்க வேண்டுமாம். தொழிற்சாலையில் நாற்பது பேரை வேலை வாங்கும் உதயகுமார் ஊற்றினான். பாதி ரவை மேஜையில், மீதி சட்டையில். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. "ரவை சிந்திடுச்சு. துணி அங்க இருக்கு," என்றான் தீபக். அவ்வளவுதான். உதயகுமார் தானே எழுந்து போய்த் துணி எடுத்துத் துடைத்தான். அவன் வாழ்க்கையில் மேஜை துடைத்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு தரம் ஊற்றிப் பார்த்தான். நாலாவது தடவை ஒரு பொட்டுகூடச் சிந்தவில்லை. இதை உடனே நிர்மலாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றிய தன் மனத்தை அவன் கடிந்துகொண்டான்.

முடிந்து கிளம்பும்போது தீபக் ஒரு நோட்டை நீட்டினான்.

"இங்க கையெழுத்து சார். அப்பா பத்து சனிக்கிழமை வந்தாத்தான் அடுத்த வருஷம் பிள்ளைக்கு இடம். ஜூன்லயே லெட்டர் கொடுத்தோமே, பார்க்கலியா?"

பார்த்திருந்தான். அதன் மேல் தோசை இருந்தது.

"ரொம்ப சந்தோஷம் சார். இங்க அப்பாக்கள் லேசுல வர்றதே இல்ல. எல்லா அம்மாவும் என்கிட்ட அதைத்தான் கேட்பாங்க, எப்படி வர வைக்கிறதுன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"கூப்பிடாதீங்கன்னு சொல்வேன். பிள்ளைக்கு எப்படியோ அப்படித்தான். ஒரு சாமானைக் கைக்கெட்டற உயரத்துல வைங்க. மனசு அரிக்கிற மாதிரி வைங்க. வைச்சிட்டு, ஒண்ணுமே சொல்லாம தூரமா உட்காருங்க. தானா வருவாங்க." தீபக் ஆசையாகக் கேட்டான்: "உங்க வீட்ல அப்படி என்ன சார் வைச்சாங்க?"

என்ன வைத்தாள் என்று உதயகுமாருக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. அது அவன் எதிரே தாடியோடு நின்றுகொண்டிருந்தது.

மேட்டகள்ளி வரைக்கும் ஸ்கூட்டர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் கொக்கியில் தொடையை இடித்துக்கொண்டான்.

"வந்துட்டீங்க," என்றாள் நிர்மலா, யுவனுக்குச் சோறு பிசைந்தபடி. "சட்டையெல்லாம் ரவை."

"பார்த்ததைச் சொல்றியா? பார்த்ததைச் சொல்றியா என்கிட்டயே! எல்லாம் தெரிஞ்சுபோச்சு நிர்மலா. அந்த ஆளுக்குக் குக்கரே தெரியாதாம்."

"ஓ. தெரியாதுங்களா?"

"உன்னை அடையாளமே தெரியலை அவனுக்கு! நாலு மாசம் என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டியே. அவன் தாடி ஒண்ணுதான் நிஜம்."

"தாடியை நான் சொல்லலீங்க. நீங்கதான் கேட்டீங்க."

வாஸ்தவம். கேட்டது அவன்தான். அதனால் இன்னும் உரக்கக் கத்தினான்.

"இத பாரு. கண்ணாடியை இறக்கின, சரி. கொக்கியை இறக்கின, சரி. ஆனா இனிமே அந்த 'இதுவா, அதுவா' வித்தையெல்லாம் என்கிட்ட பலிக்காது. நான் ஒண்ணும் நாலு வயசுப் பிள்ளை இல்ல. புரியுதா?"

"புரியுதுங்க. கோபமா இருக்கீங்க. பார்க்கிறேன்." நிர்மலா பணிவாகத் தலையாட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னும் ஒன்பது சனிக்கிழமை இருக்கு. அயர்னுக்குக் கொடுக்கணும். அடுத்த வாரத்துக்கு நீலமா, வெள்ளையா?"

உதயகுமார் முறைத்தான். பல்லைக் கடித்தான். இந்த வலையில் விழப்போவதில்லை என்று மனத்துக்குள் சத்தியம் செய்தான். ஆனால் வெள்ளை அந்தத் தீபக் போட்டிருந்த நிறம்.

"நீலம்," என்றான், யாருக்கும் அடங்காத குரலில்.